சீனன்குடாத் தாங்கியும் ஒரு துண்டு ஈயமும்

எண்ணெய்த் தாங்கியின் மேலேறி அளவெடுப்பதை 'டிப் எடுப்பது' என்பார்கள். தாங்கியின் உடம்பைச் சுற்றிக்கொண்டு இரும்புப் படி மேலே போகும். கூரையில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து, முனையில் பித்தளைக் குண்டு மாட்டிய உருக்கு நாடாவை உள்ளே இறக்குவார்கள். குண்டு பித்தளையில் இருப்பதற்குக் காரணம் உண்டு: தாங்கியின் இரும்பில் உரசினாலும் பொறி கிளம்பாது. எண்ணெய் மட்டம் எங்கே வரும் என்று மதிக்கிறார்களோ அந்த இடத்தில் நாடாவில் ஒரு பசையைத் தடவியிருப்பார்கள். எண்ணெய் தொட்ட இடம் வரைக்கும் அதன் நிறம் மாறிவிடும். குண்டில் தடவுவது இன்னொரு பசை. அது தண்ணீர் பட்டால்தான் நிறம் மாறும். அடியில் எவ்வளவு தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். நாடாவை மேலே இழுத்து, நிறம் மாறிய கோட்டை மில்லிமீற்றரில் வாசித்து, அந்தத் தாங்கிக்கென்றே தயாரித்த அட்டவணையில் பார்த்தால் இத்தனை லீற்றர் என்று வரும்.

திருகோணமலைச் சீனன்குடாத் தாங்கி ஒன்று ஏறத்தாழ 12,100 கிலோலீற்றர் கொள்ளும். அதாவது ஒரு கோடியே இருபத்தொரு லட்சம் லீற்றர். எண்ணெய் மட்டம் 12 மீற்றர் உயரத்துக்கு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், நாடாவை வாசிப்பதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் ஆயிரம் லீற்றர் கணக்கில் பிசகும். கண் கூர்மையாக இருக்க வேண்டிய வேலை.

ஆனால் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், லீற்றர் தெரிந்ததால் எண்ணெய் எவ்வளவு என்று தெரிந்துவிடாது. டீசல் சூட்டில் விரியும். வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு அளவில் கனவளவு கூடும். கப்பலில் வந்திறங்கியபோது இருந்ததைவிட 10 பாகை கூடுதலாக இருக்கும்போது அளந்தால், நிறைந்த தாங்கியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லீற்றர் 'கூடியிருக்கும்'. 33,000 லீற்றர் பவுசர் மூன்றை நிரப்பலாம். ஒரு துளிகூட யாரும் ஊற்றவில்லை. குளிர்ந்தால் அந்த மூன்று பவுசரும் காணாமற் போகும். ஒரு துளிகூட யாரும் திருடவில்லை. அதனால்தான் டிப் எடுப்பவர் நாடாவோடு வெப்பமானியையும் கொண்டுபோகிறார், மாதிரி எடுத்து நீரமானியை மிதக்கவிட்டு அடர்த்தியையும் பார்க்கிறார். பிறகு எல்லாவற்றையும் ஒரு பொது வெப்பநிலைக்குக் கொண்டுவந்து எழுதுகிறார்கள்.

இந்த வேலையின் பழைய முகம் வேறு. 1930களில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில், காட்டுக்குள் மறைத்து, நூற்றுக்கு மேல் தாங்கிகளைக் கட்டி முடித்தது. போர்க் கப்பல்களுக்கான எண்ணெய். கணக்கு கலனில், நியம வெப்பநிலை 60 பாகை பரனைற்று. 1970களில் நாடு மெற்றிக் முறைக்கு மாறியது. கலன் போய் லீற்றர் வந்தது, 60 பரனைற்று போய் 15 செல்சியஸ் வந்தது. இன்று உலகத்தின் புதிய தாங்கிகளில் கூரையிலிருந்து ராடர் அலை கீழே போய் எண்ணெய் மட்டத்தில் பட்டுத் திரும்புகிறது. மட்டம் கட்டுப்பாட்டு அறையின் திரையில் வந்து நிற்கிறது. அப்படி இருந்தும், கணக்குச் சரிபார்க்க வேண்டிய நாளில் ஒருவர் நாடாவோடு மேலேறத்தான் செய்கிறார். இந்த விடயத்தில் பழையதைப் புதியது முற்றாக வெளியேற்றவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி.

சீனன்குடாவில் இன்று மிஞ்சி நிற்பவை 99 தாங்கிகள். கீழ்ப்பகுதித் தாங்கிகளை 2003 முதல் லங்கா ஐஓசி நிறுவனம் பயன்படுத்தி வருகிறது. மேற்பகுதித் தாங்கிகள் பல பத்தாண்டுகள் காட்டுக்குள் வெறுமையாகக் கிடந்தன. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. இனி அந்தக் காட்டுக்குள் மறுபடியும் அளவெடுப்பவர்கள் ஏறுவார்கள். அவர்களில் சிலராவது எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

நூற்றுக்கு மேல் இருந்தது 99 ஆனதற்கான காரணங்களில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஒரு விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியின்மேல் வந்து விழுந்தது. தீ ஏழு நாள் எரிந்தது. உருகி மடங்கிய இரும்பு இன்றும் கிடக்கிறது. பார்க்க வருபவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரசாயனம் படிக்கிற பிள்ளை அங்கே நின்றால் வேறொரு கேள்வியும் கேட்கலாம்: ஒரு தாங்கி நிறைய எண்ணெய் எரிந்தால், அந்த எண்ணெய் எங்கே போனது?

கணக்கு கடினமில்லை. எண்ணெய் மூலக்கூறு பெரும்பாலும் ஒரு காபனும் இரண்டு ஐதரசனும் திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி. ஒரு கண்ணியின் திணிவு 12 உம் 2 உம் சேர்ந்து 14. அது எரிய மூன்று ஒட்சிசன் அணுக்கள் வேண்டும்: 48. எரிந்தால் காபனீரொட்சைட்டு 44, நீராவி 18. 14 உம் 48 உம் 62. 44 உம் 18 உம் 62. தாங்கியில் 10,000 தொன் இருந்தது என்று வைத்தால், அது காற்றிலிருந்து 34,000 தொன்னுக்கு மேல் ஒட்சிசனை இழுத்திருக்கும். 31,000 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டாகவும் ஏறத்தாழ 13,000 தொன் நீராவியாகவும் வானத்துக்குப் போயிருக்கும். எரிந்து 'அழிந்த' எண்ணெய், எரிந்த பிறகு ஏறக்குறைய நாலரை மடங்கு எடையோடு புறப்பட்டிருக்கிறது. ஒரு அணுகூட அழியவில்லை. துணை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உயர்தர வகுப்பில் முதல் தவணையில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. புத்தகத்தில் மெழுகுதிரியை வைத்துச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஏழு நாள் எரிந்த சாட்சி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மனவருத்தம்.

அந்த 14க்கும் 48க்கும் பின்னால் இருப்பது எடை மாதிரித் தெரிந்தாலும், உண்மையில் எண்ணிக்கை. ஒரு காபன் அணுவுக்கு இரண்டு ஐதரசன், மூன்று ஒட்சிசன். அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வது ஆள் கணக்கில். கிலோக் கணக்கிலோ லீற்றர்க் கணக்கிலோ அல்ல. ஆனால் அணுவை எண்ண விரல் போதாது, ஆகவே நிறுத்து எண்ணுகிறோம். வங்கியில் ஐந்து ரூபாய்க் குற்றிகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் பையோடு தராசில் வைத்து எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பது போன்றது இது. ஒரு குற்றியின் எடை தெரிந்தால் போதும். மூல் என்பதும் அப்படி நிறுத்து எண்ணுவதற்காக ஏற்பட்ட ஓர் எண்ணிக்கை: 6.022 ஐ எழுதி அதைப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது. நிறைந்த தாங்கி ஒன்றில் அப்படிக் காபன்-ஐதரசன் கண்ணிகள் ஏறத்தாழ 71 கோடி மூல் இருக்கும். எண்ணெய் விரிந்தாலும் சுருங்கினாலும் அந்த 71 கோடி மாறாது. லீற்றர் வெயிலைப் பார்த்து மாறும்.

நிறுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் மிக வேகமாக மாறியது அதுதான். நாங்கள் படித்த காலத்து இரசாயனத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். நடுவில் அகேற்றுக் கல்லில் செய்த கத்தி விளிம்பு, அதன்மேல் துலாக்கோல். பெட்டியின் முன்பக்கக் குமிழைத் திருப்பினால் கோல் மெதுவாக எழும்பி ஆடத் தொடங்கும். படிக்கற்களைக் கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே எடையைக் கூட்டிவிடும் என்பார் சேர். மரப்பெட்டியின் வெல்வெற்றுக் குழிகளில் பித்தளைக் கற்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக இருக்கும், கிராமுக்குக் கீழே மெல்லிய தகடுகள். எல்லாவற்றையும் சாமணத்தால்தான் எடுக்க வேண்டும். கடைசி மில்லிகிராம்களுக்கு, ஒரு மயிர்க்கம்பி வளையத்தைக் கோலின்மேல் ஓட்டி ஓட்டிப் பார்ப்போம். முள் நிற்கும்வரை காத்திருப்பதில்லை; இடப்பக்கம் எத்தனை பிரிவு, வலப்பக்கம் எத்தனை பிரிவு என்று எண்ணி நடுவை மதிப்போம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பேசக்கூடாது. ஒரு நிறுத்தற் குப்பியை நிறுத்து முடிக்கப் பாடவேளையின் நல்ல பங்கு போய்விடும்.

இடையில் வந்த உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் வடக்கு கிழக்கின் பல இடங்களுக்கு இரசாயனப் பொருட்களைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. போத்தல்கள் வெறுமையான அலுமாரிக்கு முன்னால், நியமிப்பைக் கரும்பலகையில் வரைந்து படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுடைய புள்ளிகளைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு இரசாயனம் தெரியும் என்று சொன்னோம். கையால் ஒரு கரைசலைச் செய்து பார்க்காமல் மூல் என்பதை விளங்கிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்று ஆய்வுகூடத்தில் இலத்திரனியல் தராசு இருக்கிறது. தட்டில் காகிதத்தை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் பூச்சியம். உப்பைக் கொட்டினால் எண் ஓடி வந்து நிற்கும். 58.5 கிராம் உப்பு, ஒரு மூல், சில விநாடிகளில். பழைய தராசுக்காக நான் ஏங்கவில்லை. நிறுப்பதில் மிச்சமான நேரத்தைப் பிள்ளை சிந்திப்பதில் செலவிடலாம். ஆனால் மிச்சமான நேரம் பெரும்பாலும் கடந்தகால வினாத்தாளுக்குப் போகிறது. இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா, கணிப்பான் அனுமதியில்லை. அவகாதரோ மாறிலியை முதற் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், ஆவர்த்தன அட்டவணையையும் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அந்த எண்ணை எடுத்துப் பெருக்குகிறது, பிரிக்கிறது, விடைக்குப் புள்ளடி இடுகிறது.

ஒருமுறை ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "இந்த நம்பர ஆர் சேர் எண்ணினது?"

"இருங்கோ பிள்ளை, அது ஒரு ஆள் செய்த வேலை இல்லை," என்று தொடங்கினேன். மணியடித்த பிறகும் முடியவில்லை. அந்தக் கேள்விக்குரிய நீளமான பதிலில் இலங்கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைத்தான் நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஆனந்த குமாரசுவாமி என்றால் நடராசர் சிற்பமும் கலை வரலாறும்தான் நினைவுக்கு வரும். அவர் தொழிலைத் தொடங்கியது கல் பார்ப்பவராக. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர், இலண்டனில் புவிச்சரிதவியல் படித்தவர். 1903இலிருந்து 1906 வரை இலங்கையின் கனியவள ஆய்வுப் பணிக்கு முதல் பணிப்பாளராக இருந்தார். சப்பிரகமுவப் பக்கத்து மாணிக்கக் கல் தோண்டும் சரளைக்குள் கறுப்பாக, கனமாக, சதுரமுகி வடிவில் சிறிய கற்கள் வந்தன. 1904இல் அவர் அவற்றை யுரேனியத் தாது என்று கருதினார். மாதிரி இலண்டனுக்குப் போனது. அங்கே வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது அதில் பெரும் பங்கு தோரியம். உலகம் அதுவரை அறியாத புதுக் கனியம். தோரியனைட் என்று பெயரிட்டார்கள்.

அந்தக் கல் ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களில் நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கதிர்த்தொழிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் ராம்சேயிடம் வேலை பழக வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞரிடம், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பைக் கொடுத்து ரேடியத்தைத் தனியாக்கச் சொன்னார் ராம்சே. ரேடியத்தைத் தேடப் போன ஹான் 1905இல் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்: ரேடியோதோரியம். அதன் கதிர்வீச்சு தோரியத்தைவிடப் பன்மடங்கு வலியது. ஆனால் தோரியத்தோடு அது கலந்துவிட்டால் இரசாயன முறை எதனாலும் திரும்பப் பிரிக்க முடியவில்லை. கதிரைப் பார்த்தால் இரண்டு பொருள், தாக்கத்தைப் பார்த்தால் ஒரே பொருள். அக்கால இரசாயனவியலாளர்களுக்கு இது பெரிய தலையிடி.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரெட்ரிக் சொடி. ஒரே மூலகத்தின் அணுக்களுக்கு வேறுவேறு திணிவு இருக்கலாம் என்று 1913இல் சொன்னார். சமதானி. இன்று சாதாரண தரப் பிள்ளையும் சொல்லும் விடயம்: எந்த மூலகம் என்பதைத் தீர்மானிப்பது கருவிலுள்ள புரோத்தன் எண்ணிக்கை, அதே அளவு இலத்திரன் வெளியே, தாக்கத்தில் ஈடுபடுவது வெளியே உள்ளதுதான். உள்ளே நியூத்திரன் கூடிக் குறையலாம். எடை மாறும், குணம் மாறாது. 1913இல் நியூத்திரனைப் பற்றி எவருக்கும் தெரியாது. அது 1932இல்தான் வந்தது. கருவைப் பற்றியே ரதபோட் சொல்லி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. நூறு ஆண்டுக்கு மேலாக இரசாயனம் நம்பி வந்தது ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை என்பதை. அதைப் பொய் என்று காட்ட சொடிக்கு நிறுக்கக்கூடிய ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் ஈயத்தில் கிடைக்கும் என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. தோரியத்தின் அணுத்திணிவு 232. அது சிதைந்து சிதைந்து ஆறு அல்பாத் துணிக்கைகளை வெளியே விட்டால், ஒவ்வொன்றுக்கும் நாலாக 24 குறையும். மிஞ்சுவது 208, ஈயம். யுரேனியம் 238. எட்டு அல்பா போனால் 32 குறையும். மிஞ்சுவது 206, அதுவும் ஈயம். கடையில் வாங்கும் ஈயம் 207.2. ஆகவே தோரியம் நிறைய, யுரேனியம் சொற்பமாக உள்ள பழைய கல் ஒன்று வேண்டும். அதற்குள்ளிருக்கும் ஈயம் கனமாக இருந்தால் சொடி சொன்னது சரி.

அப்படிப்பட்ட கல் இலங்கையில் இருந்தது. தோரைட். 1914இல் சொடியும் ஹைமன் என்பவரும் இலங்கைத் தோரைட்டிலிருந்து ஒரு சிறிய அளவு ஈயத்தைப் பிரித்து அளந்தார்கள். விடை 208.4. எடுத்த ஈயம் கொஞ்சம், ஆகவே பிழையும் கூட. ஆனால் திசை சரி. அதே ஆண்டு அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் தியடோர் ரிச்சர்ட்ஸ் யுரேனியத் தாதுகளிலிருந்து எடுத்த ஈயம் சாதாரண ஈயத்தைவிட இலேசாக இருப்பதைக் காட்டினார். ஒரே மூலகம், இரண்டு ஊர், இரண்டு எடை.

சொடி அதோடு விடவில்லை. மேலும் பல கிலோ தோரைட்டைக் கரைத்துப் போதுமான ஈயம் எடுத்து, அதன் அடர்த்தியைப் பார்த்தார். இந்தப் பரிசோதனையின் அழகை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை. அணு எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது வெளியே உள்ள இலத்திரன்களைப் பொறுத்தது. இரண்டு ஈயத்துக்கும் வெளிப்புறம் ஒன்றுதான். ஆகவே ஒரே கனவளவுக்குள் இரண்டிலும் அணு எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். எண்ணிக்கை சமம், ஒவ்வோர் அணுவும் கனம் என்றால் உலோகம் அந்த விகிதத்தில் அடர்த்தி கூடியிருக்க வேண்டும். இலங்கை ஈயம் சாதாரண ஈயத்தைவிட 0.26 சதவீதம் அடர்த்தியாக இருந்தது. 207.2 ஐ அந்த விகிதத்தால் கூட்டினால் 207.74. தனியாக அணுத்திணிவை அளந்தபோதும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லாத வித்தியாசம். சாமணத்தால் கல் வைத்து, முள்ளின் ஆட்டத்தை எண்ணி நடுவை மதித்த காலத்தின் வேலை அது. 1921ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு சொடிக்குக் கிடைத்தது.

பழைய மஞ்சள் ஐந்து ரூபாய்க் குற்றியும் பிந்தி வந்த வெள்ளைக் குற்றியும் மதிப்பில் ஒன்று, எடையில் வேறு. இரண்டும் கலந்த பையை நிறுத்து எண்ணினால் கணக்குப் பிழைக்கும். சமதானி தெரிந்த நாளிலிருந்து இரசாயனத்துக்கும் அதே சிக்கல். நிறுத்துத்தான் எண்ணுகிறோம், ஆனால் எதை வைத்து நிறுப்பது? அதுவரை இரசாயனவியலாளர்களின் உரைகல் ஒட்சிசன். அதை 16 என்று வைத்து மற்ற எல்லா மூலகத்தையும் அளந்தார்கள். பிறகு ஒட்சிசனுக்கே மூன்று சமதானி என்று தெரிந்தது. பௌதிகவியலாளர்கள் ஒட்சிசன்-16 ஐ மட்டும் எடுத்துத் தங்களுக்கு ஓர் அளவுகோல் செய்துகொண்டார்கள். சில பத்தாண்டுகள் ஒரே அணுவுக்கு இரண்டு துறையில் இரண்டு எடை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1961இல் இரு தரப்பும் காபன்-12 ஐ ஏற்றுச் சமாதானமாயின. 1971இல் மூல் சர்வதேச அலகுகளில் ஒன்றானது: 12 கிராம் காபன்-12 இல் எத்தனை அணுவோ அத்தனை.

நாங்கள் மனப்பாடம் செய்தது இந்த வரைவிலக்கணத்தைத்தான். இதில் ஒரு குறை உண்டு. மூல் எண்ணிக்கையின் அலகு என்று சொல்லிவிட்டு அதைக் கிராமில் கட்டி வைத்திருந்தோம். கிராமோ பாரிசுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குடுவைகளுக்குள் பூட்டி வைத்த ஓர் உலோக உருளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டை அறுக்க ஒரேயடியாக எண்ணியே பார்த்துவிட வேண்டும். சிலிக்கன்-28 சமதானி மட்டும் ஏறக்குறைய முழுவதுமாக இருக்கும்படி பளிங்கு வளர்த்து, அதை ஒரு கிலோகிராம் எடையுள்ள உருண்டையாகச் செதுக்கினார்கள். விட்டம் 94 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உருண்டையின் கனவளவை ஒளியால் அளந்து, பளிங்குக்குள் அணுக்களுக்கிடையிலான தூரத்தை எக்ஸ் கதிரால் அளந்து, பெரியதைச் சிறியதால் வகுத்தார்கள். மாணவி கேட்ட கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது. 2019 மே 20 முதல் மூல் என்பது ஒரு எண் மட்டும்: 6.02214076 பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்கு. கிராம் இல்லை, காபன் இல்லை, உருளை இல்லை.

அளவு என்றால் எண்ணிக்கை என்று பழகிய கண்ணுக்கு எங்கள் கரை வேறு மாதிரித் தெரியும். வடக்கே புல்மோட்டைக் கறுப்பு மணலை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் தொடங்கிய அரசு நிறுவனம் அதை அள்ளிப் பிரித்து விற்கிறது. தொன் கணக்கில் கப்பலேறுகிறது. அந்த மணலின் பெரும்பங்கு இல்மனைட்: ஓர் இரும்பு, ஒரு தைத்தேனியம், மூன்று ஒட்சிசன், கூட்டினால் 151.7. அதிலிருந்து வரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு 79.9. வகுத்துப் பார்த்தால் ஒரு தொன் தூய இல்மனைட்டுக்குள் ஏறத்தாழ 527 கிலோ வெள்ளை நிறமிக்கான பொருள் இருக்கிறது. சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தின் வெண்மை அதுதான். மணலாக விற்பதற்கும் நிறமியாக விற்பதற்கும் எவ்வளவு விலை வித்தியாசம் என்று பிள்ளை அடுத்த கேள்வியைத் தானாகவே கேட்கும். சீனன்குடாவில் டோக்கியோ சீமெந்து ஆலை இருக்கிறது. வெளிநாட்டுக் கிளிங்கரை இறக்கி அரைக்கிறது. 100 தொன் சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 தொன் சுண்ணாம்பு, 44 தொன் காபனீரொட்சைட்டு. அந்த 44 கிளிங்கர் சுட்ட நாட்டின் வானத்தில் போகிறது. முன்பு கிழக்குக் கரையில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தபோது அதே 44 நம்முடைய வானத்தில் போனது. கடலுக்கடியில் இருந்த முருகைக்கல்லும் போனது.

ஈயத்துக்குத் திரும்பினால், 2021இல் இன்னொரு மாற்றம் வந்தது. அணுத்திணிவு அட்டவணையைப் பராமரிக்கும் சர்வதேச அமைப்பு ஈயத்துக்கு இருந்த 207.2 என்ற ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு ஒரு வீச்சைப் போட்டது: 206.14 இலிருந்து 207.94 வரை. ஈயம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதை அட்டவணையே ஒப்புக்கொண்டது. இலங்கைத் தோரைட்டிலிருந்து வந்த 207.74 அந்த வீச்சின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நம்முடைய ஆய்வுகூடச் சுவர்களில் தொங்கும் அட்டவணைகளில் ஈயத்தின் கட்டத்தில் இன்னும் 207.2 என்றுதான் இருக்கிறது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் உயர்தர வகுப்பில் அணுக்கட்டமைப்பைத் தொடங்குகிற ஆசிரியர்கள் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 207.74 என்று எழுதி, கீழே இலங்கை, 1914 முதல் 1917 வரை என்று ஒரு வரி போட்டுவைக்கலாம். பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால் சப்பிரகமுவச் சரளையிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள், அந்தப் பாடவேளையில் வேறொன்றும் நடத்த முடியாமற் போனாலும் பரவாயில்லை.